அட்டைக் கம்ப்யூட்டர்

எங்கள் அத்தை கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காமலேயே ஊருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவள். காரைக்காலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்து முடித்து, அங்கேயே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் தோழிகளும் ஒரு சங்கம் வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அதே இடத்தில் இலவச வகுப்பு நடத்தினார்கள். புதுச்சேரியில் வேலை பார்த்த சித்தப்பா லீவில் வரும்போது தனக்குத் தெரிந்ததைச் சொல்லுவார். இவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லுவார்கள். கம்ப்யூட்டர் என்பது, பழைய காலண்டர் அட்டையில் கட்டம் போட்டு எழுதிய எழுத்துகள்தான். மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கும் ஓர் அட்டை உண்டு.

டைப்ரைட்டரில் அடுத்த வரிக்குப் போக இடது பக்கக் கைப்பிடியைத் தள்ள வேண்டும். அத்தை அந்த ஞாபகத்தில் அட்டையிலும் ஒரு கைப்பிடி வரைந்துவிட்டாள். வரி முடிந்ததும் எங்கள் எல்லோருடைய இடது கையும் எழுந்து காற்றை ஒரு தள்ளு தள்ளும். வெளியிலிருந்து பார்த்தவர்கள் கொசு விரட்டுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா யாரிடமோ இரவல் வாங்கிய நிஜக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். பார்க்க விசைப்பலகை மட்டும்தான், கம்ப்யூட்டரே அதற்குள் அடக்கம்; அடித்தது தெரிய டி.வி.யோடு இணைக்க வேண்டும். அத்தை அப்பாவிடம் போய் நின்றாள்.

"சாயங்காலம் படம் போடறதுக்குள்ள டி.வி. வீட்டுக்கு வந்துடணும்," என்றார் அப்பா. அவ்வளவு சம்மதித்ததே பெரிய விஷயம்.

கோயிலுக்குள் போவதுபோல எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். முதலில் உட்கார்ந்தவள் பெயரை அடித்து முடித்து, பழக்க தோஷத்தில் இடது கையால் ஒரு தள்ளு தள்ள, கம்ப்யூட்டர் மேஜையிலிருந்து விழப் பார்த்தது. சித்தப்பா தாவிப் பிடித்து, அடுத்த வரிக்குப் போக வலது பக்கம் இருந்த பெரிய விசையைக் காட்டினார்.

"இத்தன மாசமா காத்தையா தள்ளிக்கிட்டு இருந்தோம்?" என்று கேட்டுவிட்டு அத்தைதான் அதிக நேரம் சிரித்தாள்.

ஒவ்வொருவர் பெயரும் டி.வி.யில் வந்தது. என் பெயரும் வந்தது. "எல்லாரும் முடிங்க, நான் கடைசியா என் பேரைப் பாத்துக்கறேன்," என்று சொல்லியிருந்தாள் அத்தை. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டபோது, பஸ்ஸைத் தவறவிட்ட அம்பகரத்தூர்ப் பெண்கள் இருவர் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்கள். அத்தை கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து அவர்களை உட்கார வைத்தாள்.

இரண்டாவது பெண்ணின் பெயர் திரையில் தெரிந்தபோது அப்பா இன்ஸ்டிடியூட் வாசலில் நின்றார். அத்தையே ஒயரைப் பிடுங்கி டி.வி.யைக் கொடுத்தனுப்பினாள்.

சித்தப்பாவை வழியனுப்பப் பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டதும், அத்தை வெளியிலிருந்து கையை விட்டுப் போர்வையை விலக்கினாள். தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி, கடைசியில் அந்தப் பெரிய விசையையும் அழுத்தினாள்.

"டி.வி. இல்லாம எப்படி அத்தை தெரியும்?" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"தெரியாதுதான்," என்று அவளும் சிரித்தாள். பஸ் நகரும் வரை கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பாதிப் படம் ஓடியிருந்தது. பாவம் அத்தை, முதல் பாதி போய்விட்டதே என்றுதான் எனக்கு அன்று வருத்தமாக இருந்தது.