எனக்காகப் பேசியவர்

எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தில் அந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு அலுப்பாக இருக்கும். 'ஐ வான்ட் டு இன்ட்ரடியூஸ் மைசெல்ஃப்.' வினைச்சொல்லுக்குப் பின்னால் மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப் என்று ஆளுக்குத் தக்கபடி ஒன்றைப் போட வேண்டும். இலங்கையில், ஓப்பநாயக்கவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். கரும்பலகைகளை நிறுத்தி வகுப்புகளைப் பிரித்திருந்தோம். நான் மைசெல்ஃப் என்று கத்தினால் பலகைக்கு அந்தப் பக்கம் ஏழாம் வாய்ப்பாடு அதைவிடச் சத்தமாகக் கேட்கும்.

பிள்ளைகளுக்கு அந்தச் சொல் எதற்கென்றே விளங்கவில்லை. தமிழில் 'பார்த்துக்கொள்', 'சொல்லிக்கொள்' என்று ஒரு வாலை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. இங்கிலீஷ்காரனுக்கு அது போதாது, ஆளையே தனியாக எழுப்பி நிறுத்த வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். சரி, எழும்பி உன்னைப் பற்றிச் சொல் என்று ஒருத்தியை நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவள் பதில் சொல்வாள். இவள் மேல் லயத்து வரிசைவீட்டுப் பிள்ளை, அப்பா ஃபேக்டரியில் வேலை என்று எல்லாம் அவளே ஒப்பிப்பாள். நிற்பவள் தரையைப் பார்ப்பாள். உனக்கு வாயில்லையா என்று ஐந்து வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த ஐந்து வருஷமும் நான் தொண்டர் ஆசிரியை. நிரந்தர நியமனம் முப்பத்தைந்து வயதுக்குள் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கொழுந்து பறிக்கிற கூடைதான். எனக்கு முப்பத்து மூன்று முடிந்திருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள், இரத்தினபுரிக்கு நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அப்பா அதை வாங்கி என்னிடம்கூடக் கொடுக்காமல் நேரே தலைவர் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

தலைவர் என்றால் தோட்டத்துச் சங்கத் தலைவர். எங்கள் தோட்டத்தில் யாரும் ஒபிசுக்குத் தனியாகப் போவதில்லை. லயத்துக்குத் தகரம் கேட்பதென்றாலும், ஆஸ்பத்திரிக்குத் துண்டுச்சீட்டு கேட்பதென்றாலும் தலைவர்தான் முன்னால் போவார். நாம் ஓரடி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தோட்டத்தை நடத்துகிற துரை நம்மைப் பார்த்துக் கேட்டாலும் பதில் அவர்தான் சொல்வார். தானாகப் பேசுகிறவனுக்கு வாய்க்காரன் என்று பேர் வரும், மறுநாள் செங்குத்தான மலையில் வேலை விழும். அப்பா முப்பது வருஷம் அப்படி ஓரடி பின்னால் நின்றவர்.

அங்கே நான்தான் பேச வேண்டும், வேறு யாரும் பேசக்கூடாது என்று அப்பாவிடம் சொன்னேன்.

"பேசு தாயி, யாரு வேணாங்கிறா," என்றார். "அவரு சும்மா கூட வரட்டும். ரோட்டுல எம்புட்டு செக்கிங் இருக்கு."

யுத்த காலம், செக்கிங் இருந்தது உண்மை. பெல்மதுளையில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி, தமிழர்கள் என்று எங்கள் மூவரையும் இறக்கினார்கள். தலைவர் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் நாலு வார்த்தை பேசினார். என் அடையாள அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள். பார்த்தியா என்கிற மாதிரி அப்பா என்னைப் பார்த்தார்.

இரத்தினபுரியில் என் பெயரைக் கூப்பிட்டதும் எழும்பிச் சேலையைச் சரிசெய்தேன். அதற்குள் தலைவர் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். என் கால்கள் பழக்கத்தில் அவருக்கு ஓரடி பின்னால் போய் நின்றன. ஃபைலை நெஞ்சோடு வைத்துக் கையைக் கட்டியிருந்தேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நல்ல குடும்பம், அடக்கமான பிள்ளை, இவள் இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு இங்கிலீஷே இல்லை என்று தலைவர் சிங்களத்தில் அழகாகத்தான் பேசினார். நடுவில் இருந்த அதிகாரி அம்மா, சிங்கள நோனா, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உங்களில் யாருக்கு நேர்முகப் பரீட்சை என்று கேட்டார். பிறகு தலைவரை மரியாதையாகவே வெளியில் இருக்கச் சொன்னார். அவர் வாசல்வரை போய் அங்கேயே நின்றுகொண்டார்.

என்னைப் பற்றி இங்கிலீஷில் சொல்லச் சொன்னார்கள். ஐந்து வருஷம் கத்திய வாக்கியம், மைசெல்ஃப் தடுக்காமல் வந்தது. அதற்குப் பிறகு தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அப்பாவின் வேலையைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் என்று சொன்னேன். அதெல்லாம் சரி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் நோனா. நான் திரும்பி வாசலில் நின்ற தலைவரைப் பார்த்தேன். நோனா பேனாவை எடுத்து ஏதோ எழுதினார்.

நியமனம் வரவில்லை. பல மாதம் தலைவரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். யோசித்துப் பார்த்தால், நான் சொல்லியிருக்க வேண்டியது அந்த அறைக்கு வெளியில், தமிழில். மாமா, நீங்க இங்கனயே இருங்க, நானே பேசிக்கிறேன். அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு வாயில்லை.

அடுத்த வருஷக் கடிதம் நல்லவேளையாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. அதுதான் கடைசி வாய்ப்பு. பல்வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டுத் தனியாகப் புறப்பட்டேன். பெல்மதுளையில் என்னை இறக்கிப் பையைக் கொட்டிக் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது பயப்படக்கூடத் தெம்பில்லை. எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, ஏன் இந்த வேலை வேண்டும் என்று கேட்டதற்கெல்லாம் சொன்னேன். சீக்கிரம் முடித்துவிட்டு எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

இந்த முறை நியமனக் கடிதம் வந்தது. அப்பா இரண்டு தரம் வாசித்து மடித்தார்.

"பல்லுவலின்னு சொன்னியே," என்றார்.

சட்டையைப் போட்டுக்கொண்டு கடிதத்தோடு தலைவர் வீட்டுக்குப் போனார். அன்று சாயங்காலமே லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: போன வருஷம் தலைவர் சொல்லிவிட்டு வந்த சொல்தான் இப்போது பலித்திருக்கிறது என்று அப்பாவே சொன்னாராம். அப்பா அதை நம்பித்தான் சொன்னாரா, மகள் தனியாகப் போனாள் என்று தலைவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் சொன்னாரா, தெரியாது. எனக்குக் கோபம் வந்தது. சண்டைபோடத்தான் தெம்பு வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் விழா வைத்தார்கள். மாலை தலைவருக்கு. அவர் என்னைப் பற்றி அரைமணி நேரம் பேசினார், நான் அவருக்குப் பின்னால் நின்றேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். கடைசியில் பள்ளிக்கூட அதிபர் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். நானேதான் போனேன், நானேதான் பேசினேன் என்று சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. வாய்வரை வந்தது. அப்பாவைத் தேடினேன். பின்வரிசை வாங்கில், ஒபிசில் நிற்கிற அதே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

எனக்காகப் பேசிய தலைவருக்கு என் நன்றி என்றேன். அப்பா தலையை நிமிர்த்திக் கைதட்டினார்.

திங்கட்கிழமை புத்தகத்தை எடுத்தபோது அந்த மைசெல்ஃப் பாடம்தான் வந்தது. பக்கத்தைத் திருப்பி அடுத்த பாடத்துக்குப் போனேன்.