வெள்ளிக்கிழமை அளந்த தெரு

எந்தக் காணியைப் பார்க்கப் போனாலும் என் குறிப்புப் புத்தகத்தில் ஒரே பட்டியல்தான் இருக்கும். வெயில் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், மழைத் தண்ணீர் எங்கே தேங்கும், சத்தம் எவ்வளவு, யார் யார் நடந்து போகிறார்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில், கிராண்ட்பாஸ் பக்கமாகத் திரும்பும் ஒரு தெருவில் நூலகம் ஒன்றுக்கு வரைபடம் போடச் சொன்னபோதும் அதையே கொண்டுபோனேன். பழைய களஞ்சியத்தை இடித்த வெற்றுக் காணி. கட்டடக்கலை படித்து முடித்தபின் நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை.

அந்தக் காணியை வாகனத் தரிப்பிடமாக்கவும் சிலர் கேட்டிருந்தார்கள். மாநகர சபையின் குழு ஒரு நாள் கூடி இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்கும். எங்கள் வரைபடத்தில் அவர்களுக்கு நம்பிக்கை வராவிட்டால், வெள்ளைக் கோடு கீறி வாகனங்களை நிறுத்திவிடுவார்கள்.

எனக்கு நம்பிக்கை இருந்தது. தெரு காணியின் வடக்கே ஓடியது. வாசிக்கிறவர்களுக்கு வடக்கு வெளிச்சம்போல் வராது; கண் கூசாது, தாளும் பழுக்காது. ஆகவே வாசிப்பு அறையைத் தெருவோரமாகப் பெரிய ஜன்னல்களோடு வைத்தேன். பின்னால் ஈரப்பலா மரம் நின்ற இடத்தில் நாலு வாகனம் நிற்கலாம் என்று கீறினேன். தெருவோர அறை என்றால் சத்தம் பற்றிக் கேட்பார்கள் என்பதால் ஒலி மீற்றரோடு மூன்று முறை போய் அளந்தேன். மூன்று முறையும் இரண்டு பேர் மெல்லக் கதைக்கும் அளவுக்கு மேல் மீற்றர் ஏறவில்லை.

மூன்று முறையும் என்னைக் கூட்டிப்போனவர் அலுவலக வானை ஓட்டும் முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு மாளிகாவத்தை நானா. மற்ற நாட்களில் அந்த வான் எனக்குக் கிடைக்காது. வெள்ளிக்கிழமைகளில் அவர் தொழுகைக்கு அந்தத் தெரு முனைப் பள்ளிவாசலுக்குத்தான் போவார். “போற வழிதானே, ஏறுங்க மிஸ்” என்றார். என்னைக் காணியில் இறக்கிவிட்டுப் போய், தொழுகை முடிந்து திரும்ப ஏற்றிக்கொள்வார்.

நாலாவது வெள்ளிக்கிழமை படம் எடுக்கப் போனேன். எதிரே இரும்புக் கடைக்கு மேல் மாடியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“வெள்ளிக்கிழமை மிஸ்! வெயில்ல நிக்காம மேல வாங்க!”

தெருவில் எனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அப்போதுதான் தெரியும். ஏறிப் போனேன். படிக்கட்டின் திருப்பத்தில் கூப்பிட்டவரின் மகள், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, கொப்பிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள்ளே தம்பிமார் இருவர் தொலைக்காட்சியோடு சண்டை போட்டார்கள். அவளைத் தாண்டித்தான் கால் வைக்க வேண்டியிருந்தது.

தாய், தெருவே அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுகிறவர், பால் விடாத பிளேன்டீ தந்துவிட்டு வரைபடத்தை விரிக்கச் சொன்னார்.

“இந்தப் பெரிய ரூம் என்னத்துக்கு?”

“இதிலதான் ராத்தா இருந்து படிக்கிறது.”

“ரோட்டுப் பக்கமா? அப்ப காதைக் கழட்டி வீட்ட வெச்சிட்டுத்தான் வரணும்.”

“இல்லை, நான் சத்தம் அளந்தனான். மூன்று தரம்.”

“எப்ப அளந்தீங்க?”

“வெள்ளிக்கிழமையிலதான். பன்னிரண்டரை, ஒரு மணி போல.”

அவர் சிரித்த சிரிப்பில் பிள்ளை படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“மகள், கேட்டீங்களா? மிஸ் ஜும்ஆ தொழுகை நேரத்துல வந்து சத்தம் அளந்தீக்கிறாங்க! கடையெல்லாம் பூட்டு, ஆம்புளையெல்லாம் பள்ளியில. அந்த நேரம் எங்கட வீட்டுப் பூனையும் கத்தாது. வியாழக்கிழமை வந்து பாருங்க.”

வானில் ஏறியதும் கேட்டேன். “நானா, மற்ற நாளில இந்தத் தெரு எப்பிடி?”

“அத ஏன் கேக்குறீங்க மிஸ். ஒருகொடவத்தையிலிருந்து வாற லொறியெல்லாம் இங்கதானே இரும்பு இறக்குது.”

“அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்க கேக்கல்லயே. சத்தமில்லாத நேரமாப் பாத்துத்தான் வாறீங்க எண்டு நான் நினைச்சேன்.”

எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. நான் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். வெள்ளி மத்தியானம் துணிக்கடைக்குப் போன அம்மா, “பள்ளி முடிஞ்சு வரட்டாம்” என்று வெறுங்கையோடு திரும்புவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் என் பட்டியலில் ‘எந்த நாள்’ என்று ஒரு வரி இருக்கவில்லை. அன்றே அதை முதல் வரியாக எழுதினேன்.

குழு கூட இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமையும், பிறகு திங்கள் முதல் வியாழன் வரையும், இரண்டு பஸ் மாறிப் போய்க் காலை, மத்தியானம், பின்னேரம் என்று அளந்தேன். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு லொறியிலிருந்து இரும்புக் குழாய்களை உருட்டித் தள்ளினார்கள். மீற்றரைப் பார்க்கவே தேவைப்படவில்லை; நெஞ்சுக்குள் அதிர்ந்தது.

அலுவலகத்தில் எங்கள் தலைமைக் கட்டடக் கலைஞர், பொறுமையான சிங்கள மனிதர், என் தாள்களைப் பார்த்துவிட்டுத் தங்கையிடம் பேசுவதுபோல் சொன்னார்: “நங்கி, ஜன்னலை அடைத்து ஏசி போடுவோம். குழுவிடம் வாயே திறக்க வேண்டாம். பிழை என்று சொன்னால் காணி போய்விடும்.”

“கரண்ட் போனால் அந்த அறைக்குள் யாரும் இருக்க முடியாது, சேர். இரண்டு நாள் தாங்கோ.”

இரண்டு நாளில் கட்டடத்தைத் திருப்பினேன். வாசிப்பு அறை பின்னால் போனது. அங்கே தெற்கு வெயில் அடிக்கும்; ஆனால் வெட்ட நினைத்த அதே ஈரப்பலா மரம் அகன்ற இலைகளோடு அங்கே நின்றது. மரத்தை வைத்துக்கொண்டு நாலு வாகனங்களையும் வரைபடத்திலிருந்து அழித்தேன். தெருவோரம் பத்திரிகை படிக்கும் இடமும், புத்தக அலுமாரிகளும், சிறுபிள்ளைகளின் அறையும் வந்தன. சிறுபிள்ளைகள் லொறிக்குப் பயப்படுகிறவர்கள் இல்லை. லொறிதான் அவர்களுக்குப் பயப்பட வேண்டும். அலுமாரி நிறையப் புத்தகம் நின்றால் அதுவே சத்தத்துக்கு நல்ல தடுப்பு.

குழுவில் தரிப்பிடம் கேட்டவர் என் எதிரேதான் இருந்தார். முதல் அளவு ஏன் பிழைத்தது என்பதை நானே தொடக்கத்தில் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“மூன்று தரம் அளந்து மூன்று தரமும் பிழை. இந்தத் தாளை மட்டும் நாங்கள் எப்படி நம்புவது?”

“மூன்று அளவும் சரி, சேர். அந்த நேரம் அந்தத் தெரு அப்படித்தான். நான் ஒரு வெள்ளிக்கிழமைக்கு நூலகம் கீறிவிட்டேன். இது மற்ற நாட்களுக்கும் கீறியது. எந்த அளவு, எந்த நாள், எத்தனை மணி என்று எல்லாம் தாளில் இருக்கிறது. நம்பாவிட்டால் நாளைக்கு வியாழன்தானே, வாருங்கள். மரத்தடியில் நின்று கேட்போம்.”

அவர் வந்தார். தலைவரும் வந்தார். தெருவில் லொறி இறக்கிக்கொண்டிருந்தது. நடுவில் கட்டடமே இல்லை, வெறும் காணி. ஆனாலும் மரத்தடியில் தலைவர் சாதாரணக் குரலில் கதைத்தது எல்லோருக்கும் கேட்டது. எதிரே மாடியில் ராத்தா துணி காயப்போடுவதுபோல் நின்று எங்களையே பார்த்தார். படிக்கட்டு ஜன்னலில் பிள்ளையின் கொப்பி தெரிந்தது. தரிப்பிடக்காரர் அதையும் பார்த்தார். அது யாருடையது என்று என்னைக் கேட்டார். வீட்டுக்குள் சத்தம் தாங்காமல் படிக்கட்டில் இருந்து பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பிள்ளையுடையது என்று சொன்னேன். மறுவாரம் காணி நூலகத்துக்கு என்று கடிதம் வந்தது.

இப்போது தூண்கள் எழும்பியிருக்கின்றன. அந்தப் பிள்ளையின் இந்தப் பரீட்சைக்குள் கட்டடம் முடியாது, அடுத்து வரும் உயர்தரப் பரீட்சைக்கு முடியும். அவளிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன். போன கிழமை கொங்கிறீட் போடும்போது நான் சட்டகங்களை எண்ணிக்கொண்டு நிற்க, மேலேயிருந்து குரல் வந்தது.

“வெள்ளிக்கிழமை மிஸ்! இன்டைக்குச் செவ்வாய்!”

“ஓம் ராத்தா, எழுதியிருக்கு!” என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன்.