யூனிஃபார்மோடு எடுத்த கூரைப் படம்

பொங்கல் விடுப்பில் கடலோரக் கோட்டை நகரம் ஒன்றுக்குப் போய், மதில்மேல் நின்று கூரைகளாகப் படம் எடுத்துத் தள்ளினேன். கறுத்துப்போன ஓடு, பாசி பிடித்த மொட்டைமாடி, காயும் சேலை. ஒருவர்கூட ஏனென்று கேட்கவில்லை. அந்தத் தெம்பில் நம் ஊர்க் கூரைகளையும் எடுத்தால் என்ன என்று தோன்றிவிட்டது. யாரைக் குறை சொல்ல?

நான் வேலை பார்க்கும் சுரங்கத்தின் குவார்ட்டர்ஸ் கூரைகள் எல்லாம் ஒரே அச்சு; எடுத்துப் பயனில்லை. முதல் ஷிஃப்ட் முடிந்ததும் வண்டியைச் சுரங்கத்தை ஒட்டிய கிராமத்துக்கு விட்டேன். என் செக்‌ஷனில் காண்ட்ராக்டில் இருக்கும் ஒருவர் அங்கே மாடிவீடு கட்டியிருக்கிறார். அவரிடம் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாலு படம் எடுப்பதற்குள் பக்கத்து வீட்டு அம்மாள் தெருவில் வந்து நின்றார். அவருடையது ஓட்டு வீடு. பின்னால் தளம் போட்டு ஓர் அறை.

"யாரைக் கேட்டு எங்க வூட்ட போட்டோ புடிச்சிகினு இருக்கீங்க?"

"சும்மா ஆசைக்குங்க."

"மைன்ஸ் சட்டையப் போட்டுகினு சும்மா ஆசைக்கா? ஓட்டு வூடுன்னு எழுதிகினு போவத்தான வந்தீங்க?"

சுரங்கத்துக்கு நிலம் எடுத்தால் நஷ்டஈட்டில் ஓட்டு வீட்டுக்கு ஒரு விலை, தளம் போட்ட வீட்டுக்கு ஒரு விலை. கூரையை அண்ணாந்து பார்க்கிறவனை அந்த ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் என் வண்டி நம்பரைப் போனில் படம் எடுத்தார். நான் எடுத்தால் குற்றம், அவர் எடுத்தால் சரியா? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாடி கொடுத்த மனிதரோ வீட்டுக்குள் போனவர் வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவரே ஆள் கூட்டியிருப்பாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது.

கீழே இறங்கி, அந்த அம்மாள் பார்க்கவே ஒவ்வொரு படமாக அழித்தேன்.

"போனு குப்பையில கெடக்கும், அங்கேருந்தும் எடுத்துடுங்க" என்றார். விவரமானவர்தான். அதையும் செய்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

மழைக்காலம் முடிந்தபோது அந்த அம்மாளே விசாரித்துக்கொண்டு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றார். வீட்டை அளக்க வந்தவர்கள் பின்னறையைக் கணக்கில் சேர்க்கவில்லையாம். ஆடியில் நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்தபிறகு அவசரமாகக் கட்டியது என்கிறார்களாம். முன்பே இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம்.

"அன்னிக்கு நீங்க புடிச்ச படம் இருக்குதுங்களா சார்?"

"நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க?" குத்தலாகத்தான் கேட்டேன்.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "புள்ளைக்கின்னு கட்டின ரூமுங்க" என்றார். எதற்கு அப்படிக் கேட்டோம் என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது.

போனில் எடுப்பதெல்லாம் தானாகவே வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஒரு பிரதியாகப் போய்விடும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்த் திறந்தேன். நாலு படமும் இருந்தன, தேதியோடு. தளத்தின்மேல் காய்ந்த துணிவரை தெளிவாகத் தெரிந்தது. சந்தோஷம் தாங்காமல் அவரை உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். திரையில் அந்த அறையை விரலால் தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங் கண்ணு முன்னாலதான சார் அழிச்சீங்க?"

பிரதி போன கதையை விளக்கினேன். தலையாட்டினார். படங்களைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி, வந்துவிட்டதா என்று சரிபார்த்துக்கொண்டார். செருப்பை மாட்டியவர் திரும்பி நின்று கேட்டார்:

"இது இன்னும் யாராருகிட்ட இருக்குதுங்க?"