ஜெசிந்தா கேட்ட கேள்வி

பெரம்பலூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என்னோடு வேலை பார்த்த ஜெசிந்தாவின் தம்பி போனில் அழைத்தார். “அக்கா காலையில போயிட்டாங்க சார்.” பல மாதங்களாக ஜெசிந்தா நோயோடு போராடியது தெரியும். ஆனாலும் அலுவலகத்துக்குப் போகாமல் பஸ் நிலையப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜெசிந்தா வரதராஜன்பேட்டையிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி பெரம்பலூருக்கு வேலைக்கு வருவார். எங்கள் சிறிய அலுவலகத்தில் வாடிக்கையாளர்களின் சர்வர் கணினிகளைக் கவனித்தது நாங்கள் இருவர்தான்.

ஒருமுறை அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்குப் பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியது வைத்திருந்தோம். எங்கள் கண்காணிப்பு மென்பொருள், தொலைவிலிருந்தே இன்னொரு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழியாக அதனுள் போய், டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். மறுநாளிலிருந்து எங்கள் திரையில் சிவப்பு எச்சரிக்கை. அதே கட்டளையை நான் கையால் ஓட்டினேன், சரியாக வந்தது. மென்பொருளில்தான் கோளாறு என்று எச்சரிக்கையை அணைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் டிஸ்க் நிஜமாகவே நிரம்பி, பரிசோதனை முடிவுகள் நின்றுபோயின. காய்ச்சலோடு வந்தவர்கள் மதியம்வரை காத்துக் கிடந்தார்கள்.

ஜெசிந்தா முதலில் தேவையில்லாத பழைய லாக் கோப்புகளை அழித்து இடம் உண்டாக்கினார். நான் கையால் ஓட்டிப் பார்த்ததைச் சொன்ன பிறகுதான் கேட்டார்: “நீங்க யார் பேர்ல ஓட்டிப் பாத்தீங்க?” என் பேரில்தான் என்றேன். “நம்ம மென்பொருள் வேற பேர்ல போகுது. அந்தப் பேர்ல போய்ப் பாருங்க.”

பார்த்தேன். சர்வர் தான் யாரென்று காட்டும் அடையாளச் சாவி, புது சர்வரில் மாறியிருந்தது. என் கணக்கில் நான் அதை மாற்றியிருந்தேன். கண்காணிப்பின் கணக்கில் பழைய சாவியே கிடந்தது. அதனால் அது உள்ளே போகாமலே திரும்பியிருக்கிறது. புதியதைச் சரிபார்த்துச் சேர்த்ததும் திரை பச்சையானது.

எச்சரிக்கையை யார் அணைத்தது என்று எங்கள் அலுவலக உரிமையாளர் கேட்டார். வீட்டில் கைக்குழந்தை, வேலை போய்விடும் என்ற பயத்தில் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினேன். ஜெசிந்தா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, எனக்காகப் பொய்யும் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தார். நான் ஒப்புக்கொண்டதும், “அணைஞ்சு கெடந்தத நானும் பாத்தேன் சார். ஏன்னு கேக்கல. தப்பு எங்க ரெண்டு பேரு மேலயும்தான்” என்றார். வேலை தப்பியது. வெளியே வந்ததும், பரிசோதனைக்கூடத்துக்கு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

அடக்கத்தன்று மாதா கோயில் வாசலில் அந்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணியும் நின்றிருந்தார். டிஸ்க் நிரம்பிய அன்று சாயங்காலம் ஜெசிந்தா அரியலூருக்கு வந்து, தேங்கிக் கிடந்த முடிவுகளையெல்லாம் அவரோடு உட்கார்ந்து அச்சிட்டுக் கொடுத்தாராம். “உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க சார்” என்றார் அந்தப் பெண்மணி.

இப்போது அலுவலகத்தில் யாராவது தவறிழைத்துவிட்டுச் சொல்லத் தயங்கி நின்றால், நான் குரலை உயர்த்துவதில்லை. அவர்களாகச் சொல்லும்வரை பக்கத்திலேயே இருக்கிறேன். ஜெசிந்தாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் பொறுமைதான்.