பிரிக்காமல் வைத்த பதினேழு பரிசுகள்

"டிர்ர்ர்ரிங்!" என்று சமையலறையில் மணி அடித்தது.

முன்னறையில் மகளின் பட்டமளிப்பு அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த வெர்னீட்டா தலையைக்கூட நிமிர்த்தாமல், "சரிங்க, உடம்பப் பாத்துக்கங்க, கர்த்தர் கூட இருப்பார்" என்றாள்.

அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

சமையலறை வாசலில் மாவு படிந்த கையோடு எட்டிப் பார்த்தாள் ஒடெஸா. வெர்னீட்டாவின் கணவனுக்கு மூத்த சகோதரி. சபைப் பாடல் குழுவில் அவள் குரல் எழும்பினால் பாஸ்டரே பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.

"யாருடி அங்க? யாருக்கு ஆசீர்வாதம் பண்றே?"

"யாருமில்ல அண்ணி. மணி அடிச்சதும் வாய் தானா சொல்லிடுச்சு."

"அது கேக்குக்கு வெச்ச மணிடி! கேக்குக்குக் கர்த்தர் எதுக்கு? அடிப்பிடிக்காம இருந்தா போதாதா?"

வெர்னீட்டா சிரித்துவிட்டாள். சிரித்த கண்ணில் நீரும் வந்தது. அவளுக்கு இரண்டும் எப்போதும் சேர்ந்தேதான் வரும்.

கோழிக்குஞ்சு வடிவத்தில் இருந்த அந்தச் சின்ன முறுக்கு மணி, இன்றைக்கு முன் பதினேழு வருஷமாகச் சமையலுக்குப் பயன்பட்டதே இல்லை. சிறையிலிருந்து அவள் கணவன் தாடியஸ் போனில் கூப்பிட்டால் பதினைந்தே நிமிஷம். அதற்கு மேல் ஒரு விநாடி போனாலும் பதிவு செய்த குரல் ஒன்று குறுக்கே வந்து பேச்சை வெட்டிவிடும். அதனால் வீட்டில் பங்கு போட்டிருந்தார்கள். வெர்னீட்டாவுக்கு ஐந்து நிமிஷம், மகள் டமியாவுக்கு ஆறு, ஒடெஸாவுக்கு மூன்று. பதினாலாவது நிமிஷத்தில் கோழிக்குஞ்சு கத்தும். கடைசி ஒரு நிமிஷம் எல்லோரும் சேர்ந்து விடை சொல்ல. அந்த மணிச் சத்தம் கேட்டால் விடை சொல்வது என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறிவிட்டது.

தாடியஸ் தப்பே செய்யாதவன் என்று வெர்னீட்டா ஒருநாளும் சொன்னதில்லை. பைன் பிளஃப் ஊரில் கார் மெக்கானிக்காக இருந்தவன், சொந்தக்காரன் ஒருவனுக்குப் போதை மருந்துப் பை ஏற்ற இரண்டு தடவை வேன் கொடுத்தான், காசும் வாங்கினான். பையின் எடையைப் பார்த்து, வாலிப வயதில் அவன் மேல் இருந்த பழைய வழக்கையும் சேர்த்து, சட்டம் முன்பே எழுதி வைத்திருந்தது: இருபது வருஷம். "என் மனசு வேற சொல்லுது. ஆனா இதுல என் கைக்கு வேலை இல்லை" என்று நீதிபதியே தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அப்போது டமியா ஐந்து மாதக் குழந்தை. நீதிமன்றத்தில் பசித்து அழுதாள்.

அன்றிலிருந்து வெர்னீட்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பதினாலாம் எண் மஞ்சள் வண்டி. விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஊர்ப்பிள்ளைகளை ஏற்றி இறக்குவாள். மாதம் ஒரு சனிக்கிழமை தன் பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு, நாலு மணி நேரமோ பதினோரு மணி நேரமோ, கணவனை எந்தச் சிறைக்கு மாற்றியிருக்கிறார்களோ அங்கே ஓட்டுவாள். போனால் சட்டங்கள். காக்கி நிறம் கூடாது, பச்சை கூடாது, கையில்லாத சட்டை கூடாது. ஒரு தடவை உள்ளாடையிலிருந்த கம்பிக்கு உலோகம் கண்டுபிடிக்கும் கருவி கத்தி, திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெர்னீட்டா அழவில்லை. காருக்குப் போய் நகவெட்டியால் கம்பியை உருவி எறிந்துவிட்டுத் திரும்பி வந்து வரிசையில் நின்றாள்.

டமியாவோ அந்த இடத்தைச் சொர்க்கம் என்று நினைத்து வளர்ந்தாள். கண்ணாடிப் பை நிறையச் சில்லறை கொண்டுபோனால் இயந்திரம் கோழி வறுவலும் சிப்ஸும் தள்ளும். முதல் வகுப்பில் 'என் அப்பாவின் வீடு' என்று படம் வரையச் சொன்னபோது ஆறு இயந்திரம் வரைந்தாள். மற்றப் பிள்ளைகள் பொறாமையில் வெந்தார்கள்.

அந்த டமியாவுக்கு வரும் சனிக்கிழமை பள்ளிப் பட்டமளிப்பு. தாடியஸுக்கு நன்னடத்தைக்காகத் தண்டனையில் கழிவு உண்டு. கடைசி மாதங்களை வீட்டிலேயே கழிக்கவும் வழி உண்டு. ஆனால் வீடு தகுந்தது என்று நன்னடத்தை அதிகாரி நேரில் பார்த்து எழுத வேண்டும். எழுதினால் வியாழக்கிழமை அவன் வீட்டில். எழுதாவிட்டால் மெம்பிஸ் நகரத்தில் கைதிகளுக்கான கண்காணிப்பு விடுதியில் ஒன்பது மாதம். பட்டமளிப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. இரண்டு தடவை தள்ளிப்போன அந்தப் பார்வையிடல் இன்றைக்கு, மூன்று மணிக்கு.

மூன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கதவு தட்டப்பட்டது.

வந்தவர் பெயர் பிக்கெட். கனத்த உடம்பு, சோர்ந்த கண், கக்கத்தில் ஒரு கோப்பு. "உள்ள வரலாமா மேடம்?" என்று கேட்டுவிட்டு நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மூன்று பெண்களும் சுவரோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மேஜைமேல் மூவரின் அடையாள அட்டைகள். டமியா பேன்ட் பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டிருந்தாள். வெர்னீட்டா இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, பரிசோதனைக்குத் தயாராக நின்றாள்.

யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. அதிகாரியைக் கண்டதும் உடம்பு தானாக அப்படி நின்றுவிட்டது!

"என்னம்மா இது?" என்றார் பிக்கெட்.

"பாருங்க சார். கம்பி எதுவும் போடல" என்றாள் வெர்னீட்டா.

"அந்த ரகசியத்த ஏண்டி அவர்கிட்ட சொல்றே?" என்று ஒடெஸா பல்லைக் கடித்தாள்.

பிக்கெட்டின் முகம் சிவந்துவிட்டது. கோப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "கைய எறக்குங்கம்மா. உங்கள யாரும் சோதிக்கல. இது உங்க வீடு."

அப்போதுதான் வெர்னீட்டாவுக்குத் தான் நிற்கிற கோலம் தெரிந்தது. ஐயோ என்று கையை இறக்கினாள். டமியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தையைப் பார்த்தாள், அத்தை அம்மாவைப் பார்த்தாள், மூவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பிக்கெட்டும் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வரவேற்ப நான் பாத்ததில்ல."

பிறகு வேலை நடந்தது. படுக்கையறை பார்த்தார், கொல்லைக் கொட்டகை பார்த்தார், படுக்கைக்கு அடியில் குனிந்தார். "வீட்ல துப்பாக்கி?" "இல்ல சார்." "சாராயம்?" "என் நாத்தனாரோட இருமல் மருந்து மட்டும்தான் சார்." "அது மருந்துதான்!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. இரண்டாவது கேக் அடுப்புக்குள் போயிருந்தது. கோழிக்குஞ்சை மறுபடி முறுக்கி வைத்திருந்தாள் ஒடெஸா.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, நடைவழி அலமாரி வரும் வரை.

"இது ஏன் பூட்டியிருக்கு?"

வெர்னீட்டா கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சாவியைத் தொட்டாள். பிறகு திறந்துவிட்டாள்.

உள்ளே வண்ணக் காகிதம் சுற்றிய பொட்டலங்கள், அடிமுதல் மேல்வரை. ஒவ்வொன்றிலும் வருஷம் எழுதிய சீட்டு. பதினேழு கிறிஸ்துமஸ், பதினேழு பரிசு. சிறைக்குள் கடிதம் தவிரப் பரிசு எதையும் அனுப்ப முடியாது. ஆனால் டிசம்பர் வந்தால் அவளால் வாங்காமலும் இருக்க முடியவில்லை.

"முதல் வருஷம் வாங்கினது மடக்குற போன் சார். அந்தக் காலத்துல அது பெரிய விஷயம்" என்றாள் டமியா. "இப்ப அதுல போன் போட்டா செத்துப்போனவங்கதான் எடுப்பாங்க."

பிக்கெட் ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பார்த்தார். சட்டை, காலுறை, தொப்பி. மூலையில் சாய்ந்து நின்ற ஒரு நீளப் பெட்டியில் கை நின்றது. நாலரை அடி நீளம். கெட்டி அட்டை. தூக்கினால் உள்ளே கனமாக ஏதோ இடித்தது.

அவர் முகம் மாறியது. "இதைப் பிரிக்கணும்மா."

"அது துப்பாக்கி இல்ல சார்."

"இருக்காதுன்னுதான் நானும் நெனைக்கிறேன். ஆனா சொன்னத நான் எழுத முடியாது. பாத்தத்தான் எழுத முடியும். பாக்கலைன்னா..." அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

வெர்னீட்டா பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சார், நான் எழுதின ஒவ்வொரு கடுதாசியையும் யாரோ பிரிச்சுப் படிச்ச பிறகுதான் அவர் படிச்சாரு. பொண்ணு பல்லு மொளைச்ச போட்டோவை யாரோ பாத்த பிறகுதான் அவர் பாத்தாரு. பதினேழு வருஷமா அவருக்குன்னு போன ஒரு பொருள்ல அவர் கை முதல்ல பட்டதில்ல. இதாவது... அவர் கையால பிரிக்கட்டும்னு வெச்சிருந்தேன்."

சமையலறையிலிருந்து வெண்ணெய் வாசனை வந்தது. நாற்காலி முதுகில் நீல அங்கி பளபளத்தது. வெர்னீட்டா அந்த அங்கியையே பார்த்தாள். காகிதம் பெரிதா, சனிக்கிழமை பெரிதா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது! ஆனாலும் காகிதத்தின் விளிம்பில் வைத்த விரல் நகரவில்லை. பெட்டிமேல் சொட்டென்று ஒரு துளி விழுந்தது.

"அம்மா, கிழிக்காதே!" என்றாள் டமியா திடீரென்று. "இஸ்திரிப்பெட்டி!"

அவள் ஓடிப்போய் இன்னும் சூடாயிருந்த இஸ்திரிப்பெட்டியை எடுத்து வந்தாள். நீளப் பெட்டியின் ஒரு முனையில் ஒட்டியிருந்த டேப்புக்கு நேரே பிடித்து ஆவியை விட்டாள். புஸ்ஸ்! டேப் மெல்ல இளகியது. நகத்தால் நெம்ப, காகிதம் ஒரு கீறல் இல்லாமல் மடல் விரித்தது.

"அடி கள்ளி! இதுல உனக்கு இவ்வளவு பழக்கம் எப்படி?" என்றாள் ஒடெஸா.

"எல்லா கிறிஸ்துமஸுக்கும் என்னோட பரிசை முன்னாடியே பாத்துடுவேன் அத்தை."

"பாத்தியா வெர்னீட்டா, உன் வீட்டுத் திருடிய?"

"சார், இதக் கோப்புல எழுதிடாதீங்க" என்றாள் டமியா.

பிக்கெட் முட்டி போட்டு உட்கார்ந்து, அட்டை மூடியை விலக்கி, டார்ச் விளக்கை அடித்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் எழுந்திருக்காததைக் கண்டு வெர்னீட்டாவுக்கு உயிரே போய்விட்டது.

"சார்?"

"தூண்டில்" என்றார் பிக்கெட். "நல்ல தூண்டில்மா. கெளுத்திக்கா?"

"ஆமா சார். ஆத்துல அவரு ஒருநாள் புடிச்ச கெளுத்திய நான் தூக்க முடியாம கீழ போட்டேன். அதுக்கப்புறம்தான் கல்யாணம் பேசினாரு."

"பயந்துபோய்ப் பேசியிருப்பான். மீன் தண்ணியில விழுந்திருந்தா கல்யாணமே நடந்திருக்காது" என்றாள் ஒடெஸா.

பிக்கெட் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, கனத்த விரல்களால் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, டமியா நீட்டிய புது டேப்பைக் கோணாமல் ஒட்டி, பெட்டியை மூலையில் சாய்த்து வைத்தார். அலமாரியைத் தானே மூடி, சாவியை வெர்னீட்டாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"நான் பாத்தது ஒரு முனைதான். மீதிய அவர் பாக்கட்டும்."

மேஜையில் உட்கார்ந்து எழுதினார். மூன்று பெண்களும் மூச்சு விடாமல் பேனாவையே பார்த்தார்கள். கடைசி வரியைத் திருப்பிக் காட்டினார். *வசிக்கத் தகுந்த வீடு.* "இன்னைக்கு சாயங்காலமே அனுப்பிடறேன். வியாழக்கிழமை பஸ் வர்ற நேரத்த உங்களுக்குச் சொல்லுவாங்க."

"பஸ்ஸா?" என்றாள் வெர்னீட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஊர்ப்பிள்ளைங்களையெல்லாம் வீட்ல எறக்கி விடறவ நான். என் புருஷன வேற எவனோ பஸ்ல கொண்டுவந்து விடுவானா? நானே போய்க் கூட்டிட்டு வரேன் சார்!"

"நூறடி முன்னாடியே நிறுத்திடுடி, நான் ஓடி வந்து முதல்ல கட்டிக்கணும்" என்றாள் ஒடெஸா. சொன்னவள் அதோடு நிற்காமல் அவரிடம் தட்டில் ஒரு துண்டு கேக்கை நீட்டினாள்.

"வாங்கக் கூடாதும்மா. சட்டம்."

"அடேயப்பா, இதுக்கும் சட்டமா! ஒரு துண்டு கேக்குக்குக் குறைஞ்சது எத்தனை வருஷம் எழுதி வெச்சிருக்கீங்க சார்?"

பிக்கெட் கேக்கை ஏக்கமாகப் பார்த்தார். பிறகு கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார்.

அந்த நேரம் பார்த்துச் சமையலறையில், "டிர்ர்ர்ரிங்!"

"சரிங்க, உடம்பப் பாத்துக்கங்க, கர்த்தர் கூட இருப்பார்!" என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

பிக்கெட் படியில் திரும்பி நின்றார். இருபத்தாறு வருஷத்தில் எந்த வீட்டிலும் அவரை யாரும் அப்படி வழியனுப்பியதில்லை. தொப்பியைக் கழற்றி, "நீங்களும் பாத்துக்கங்கம்மா" என்றார்.

வெர்னீட்டா சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.