முதல் லாரியோடு நிறுத்தியவன்

எங்கள் தொழிலில் நேற்று வந்த மாதிரி இன்று தகவல் வராது. நிரல் எழுதி அதே தொல்லையில் கிடக்கும் உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் எடப்பாடி விசைத்தறிக்காரன். நான் மேடையேறிப் பேசிய வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு எந்தத் தறிப்பட்டறையும் என்னை உள்ளே விடவில்லை. அச்சகத்தில் உட்கார்ந்து சங்கத் துண்டறிக்கைகளைத் தட்டச்சு செய்தேன். என் படிப்பு அவ்வளவுதான். நான் எழுதிய அறிக்கைகளைப் படித்துத் தலைவரானவர்கள் இன்று காரில் போகிறார்கள். அவர்களில் ஒருவர்கூட என்னை விசாரித்ததில்லை. அந்தக் கணினியிலேயே நிரல் எழுதக் கற்று, இப்போது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி அலுவலகத்தில் இருக்கிறேன். இணையச் சேவை அனுப்பும் தகவல் டப்பாவுக்குள் டப்பாவாக வரும். அதைப் பிரித்து, நிரல் கையாளும் ஆப்ஜெக்ட்களாக, அதாவது பெயரிட்ட தனித்தனிப் பொட்டலங்களாக, மாற்றுவது என் வேலை.

ஆறாவது அடுக்கு

திருச்செங்கோட்டு ரிக் முதலாளி ஒருவருக்குச் செயலி செய்தோம். ஆழ்துளைக் கிணறு போட வெளிமாநிலம் போகும் அவருடைய ரிக்குகள் எங்கே நிற்கின்றன என்று காட்ட வேண்டும். வந்த தகவலைத் திறந்தேன். மேலே நிறுவனம், அதற்குள் ரிக், அதற்குள் லாரி, அதற்குள் இடம், அதற்குள் ஷிப்டு. ஆறாவது அடுக்கில்தான் ஆள். உழைக்கிறவனை அடியில் போட்டிருக்கிறார்களே என்று பொங்கிவிட்டேன். என் பேத்தி வயதுள்ள மேலாளர் கவிதா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தோழர், வரிசையை மாத்தறதுக்கு இது ஊர்வலம் இல்ல. வர்றதை ஒழுங்காப் பிரிங்க."

புள்ளி நகருது

ஒவ்வொரு ரிக்குக்குள்ளும் லாரி இரண்டு முறை வந்தது. ஒரு தறிக்கு ஒரு எண் என்று பழகியவன் நான். ஒரே வண்டியைத் தவறி இரண்டு தடவை அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன். 'முதலாவதை எடு' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. வரைபடத்தில் புள்ளி நகர்ந்தது, கீழே ஆட்களின் பெயர்களும் வந்தன.

செயலியை ஆட்களின் குடும்பங்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று முதலாளியிடம் ஒரு மணி நேரம் வாதாடினேன். கடைசியில் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"குடுத்துப் போடுங்க. உங்ககூடப் பேசறதுக்கு நான் பாறையில போரு போட்டுருவனுங்க."

பேரே இல்லீங்க

சத்தீஸ்கரில் ஒரு ரிக் நின்ற இடத்தில் ஆறு உடைத்துக்கொண்டது. ஆட்கள் யாருடைய போனுக்கும் அழைப்புப் போகவில்லை. காலை பத்து மணிக்குச் சரசு என்ற பெண் அலுவலகத்துக்கே கூப்பிட்டார். அந்த ரிக்கில் துளை போடும் டிரில்லராக இருக்கும் முருகேசனின் மனைவி.

"புள்ளி ஆத்தங்கரையிலயே நிக்குதுங்க. நேத்து வரைக்கும் எங்க ஊட்டுக்காரரு பேரு இருந்துச்சு. இன்னைக்குப் பேரே இல்லீங்க."

பார்த்தேன். ஆள் பட்டியல் காலி.

இரண்டாவது லாரி

மேடையில் பேசியதை நம்பாதே, அச்சிட்ட தீர்மானத்தைப் படி என்பது சங்கத்தில் நான் கற்றது. செயலியை மூடிவிட்டு, வந்த தகவலை வந்தபடியே காகிதத்தில் அச்சிட்டேன். அதே ரிக்குக்குள், நான் தூக்கி எறிந்த இரண்டாவது லாரி இருந்தது. அது நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரில் நின்றது. லாரியில் ஏறும்போது ஆட்கள் வருகை அட்டையைத் தேய்ப்பார்கள். அன்று காலை அதில் ஐந்து பேர் தேய்த்திருந்தார்கள். மூன்றாவது பெயர் முருகேசன்.

முதலாளியைக் கூப்பிட்டுச் சொன்னேன். பெருமூச்சு விட்டார். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, ரிக்குனா ரெண்டு லாரிங்க! ஒண்ணு துளை போடும். இன்னொண்ணுல பைப்பு, அரிசி, அடுப்பு எல்லாம். ரெண்டும் ஒண்ணாவே போறதால, ஒரு புள்ளிதான் தெரியுதுன்னு எனக்கும் தோணல. வெள்ளம் வந்தா ரிக்க உட்டுட்டு அதுலதான ஏறுவாங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்கல்ல?"

இன்னொருக்கா

சரசுவை அழைத்தேன். தப்பு என்னுடையது என்று முதலில் சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை. பட்டியலைப் படிக்கச் சொன்னார். ஐந்து பெயர்களையும் படித்தேன். அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு குரல்.

"மூணாவது பேர மட்டும் இன்னொருக்கா படிங்க சாமி."

மறுபடி படித்தேன். மதியம் முருகேசனே யாருடைய போனிலிருந்தோ சரசுவிடம் பேசிவிட்டார்; நனைந்த போன்களை உலர்த்த அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்திருந்தார்களாம். செயலியில் இப்போது ரிக்குக்கு இரண்டு புள்ளிகள்.

முப்பது வருஷம் மேடையில் தொழிலாளி தொழிலாளி என்று கத்தியவன், ஒரு தொழிலாளியின் பெயரை உரக்கப் படித்தது அன்றைக்குத்தான்.