காக்காய்க்கால் புல்லுக் கஞ்சி

காக்காய்க்கால் புல்லைக் கண்டால் இந்த வயதிலும் நான் சற்று விலகியே நடப்பேன். காக்கையின் பாதம்போலக் கதிர் விரிந்து நிற்கும், தூறல் பட்டால் தெருவோரத்தில்கூட முளைக்கிற வெறும் களை அது. யுத்த காலத்தில் அதன் விதையைத்தான் கஞ்சி காய்ச்சிக் குடித்தோம். விக்கிரமங்கலத்துப் பக்கம் மழை பொய்த்து வரகுகூட விளையவில்லை. அரிசி கண்ணில் படவில்லை. அப்பாவும் அம்மாவும் கூலி வேலை தேடித் தஞ்சாவூர்ப் பக்கம் போனபோது, என்னையும் தம்பியையும் அத்தையிடம் விட்டுப் போனார்கள். அத்தை வாய்த்துடுக்குக்காரி; அவளிடம் வம்புக்கு யாரும் போக மாட்டார்கள்.

வரப்புப் புல்லை அறுத்து வந்து, கதிரைக் கிள்ளிக் காயவைத்துக் கசக்குவாள். புடைத்து, வறுத்து, திருகையில் உடைத்தால் கஞ்சிக்கு ஆகும். தாளும் தழையும் பசுவுக்கு. "மாடும் நாமளும் ஒரே பந்திதான்" என்று சிரிப்பாள்.

ஒருநாள் நாங்கள் கஞ்சி குடித்துவிட்டுக் கை கழுவும்போது, மேய்ச்சலிலிருந்து திரும்பிய பசு கொட்டில் வாசலில் தள்ளாடி விழுந்தது. வாயில் நுரை. காலை உதைத்துக்கொண்டு கண்ணெதிரே செத்துப்போனது. காலையில் போட்ட புல்லின் மிச்சம் அங்கேயே கிடந்தது. அத்தை அதைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள். அப்படியொரு பயத்தை வேறெந்த முகத்திலும் நான் கண்டதில்லை.

"வவுறு வலிக்குதா? மறைக்காம சொல்லுங்க."

புளியைக் கரைத்துக் குடிக்க வைத்து, தொண்டையில் விரலை விட்டாள். தம்பிக்கு வாந்தி வரவில்லை, அழுகைதான் வந்தது. எனக்கோ நாக்கு தடித்து, கால் மரத்துப்போவதாகத் தோன்றியது.

அத்தை எப்போதும் எங்களுக்குப் பிறகுதான் குடிப்பாள். அவள் பங்கு சட்டியில் அப்படியே இருந்தது. கொட்டப் போகிறாள் என்று நினைத்தேன். சட்டியோடு தூக்கி மூச்சுவிடாமல் குடித்தாள். பிறகு எங்கள் இருவரையும் மடியில் இழுத்துக்கொண்டாள்.

"ஒங்கள தனியா வுட மாட்டேன்."

அதைக் கேட்டதும்தான் சாகப்போகிறோம் என்பது எனக்கு உறுதியாயிற்று. தம்பி அலறினான்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு மாமா ஓடிவந்தார். பசுவின் வாயைப் பிளந்து, மென்ற தழையை விரலால் வழித்துப் பார்த்தார்.

"இது புல்லு இல்ல. வாடுன சோளப்பயிரு. மேலக் கொல்லையில பூந்து மேஞ்சிருக்குது. அது மாட்டக் கொன்னுடும்னு ஒனக்குத் தெரியாதா?"

அத்தைக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பயத்தில் மறந்திருந்தாள்.

அதன் பிறகுதான் வாய்விட்டு அழுதாள். பசுவுக்காக அழுகிறாள் என்று நினைத்து, மாமா வெகுநேரம் தேற்றிக்கொண்டிருந்தார்.